எத்தனை பேரில்? நோயை எண்ணி அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாகக் களத்துக்குப் போனது ஒரு மஞ்சள் காமாலை விஷயமாக. இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்து, திண்ணைகளில் உட்கார்ந்து பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்றாம் நாள் காலை மேலதிகாரி முன்னால் போய் நின்றேன். “மொத்தம் 31 பேர் மேடம்.” அவர் கையிலிருந்த காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “சரிப்பா. எத்தனை பேர்ல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை. 300 பேர் உள்ள குக்கிராமத்தில் 31 என்றால் பத்தில் ஒருவருக்கு நோய். 30,000 பேர் உள்ள பேரூராட்சியில் அதே 31 என்றால் ஆயிரத்தில் ஒருவர். முதல் ஊரில் அன்று மாலைக்குள் தண்ணீர்க் குழாயை மூட வேண்டியிருக்கும். இரண்டாவதில் முதலில் இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

அந்த ‘ல’ என்ற ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டால் நோய்ப்பரவலியலில் பாதி தூரம் வந்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் பின்னத்துக்குத் தொகுதி, பகுதி என்று படித்தோமே, அதேதான். நான் இங்கே மேல் எண், கீழ் எண் என்றே சொல்கிறேன். மேல் எண்ணைக் கண்டுபிடிக்க எல்லாரும் ஓடுவார்கள். செய்தித்தாளும் அதைத்தான் போடும். வேலை கெடுவது பெரும்பாலும் கீழ் எண்ணில்.

செவிலியர் பயிற்சி மாணவர்கள், புதிதாக வேலைக்கு வந்த சுகாதார ஆய்வாளர்கள், சுகாதாரச் செய்தி எழுதுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கால்குலேட்டர் போதும்.

படி 1: யாரை எண்ணப் போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

அந்த 31 பேர் கணக்கிலும் கோளாறு இருந்தது. எங்கள் பக்கம் ‘காமாலை’ என்று சொன்னால் கண் மஞ்சளாவதுதான் என்று இல்லை. பசி எடுக்காவிட்டால், அசதியாக இருந்தால், சிறுநீர் மஞ்சளாகப் போனால் எல்லாமே காமாலைதான். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும். பிறந்து மூன்று நாளான குழந்தையின் மஞ்சளையும் ஒரு பாட்டி சேர்த்துச் சொல்லியிருந்தார். அது வேறு சங்கதி.

ஆகவே வீடு வீடாகப் போவதற்கு முன்பே ‘நோயாளி என்றால் யார்’ என்ற வரையறையை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன அறிகுறி, எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஆட்கள். உதாரணமாக: ‘இந்த ஊராட்சியில் வசிக்கும், 1 வயதுக்கு மேற்பட்ட, கடந்த 8 வாரங்களில் கண்ணில் மஞ்சள் நிறம் வந்தவர்.’ ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் ‘உறுதியான கேஸ்’, அறிகுறி மட்டும் இருந்தால் ‘சந்தேக கேஸ்’ என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவழியில் வரையறையை மாற்றினால் எண்ணிக்கை ஏறும், இறங்கும். நோய் ஏறியதா, உங்கள் வரையறை தளர்ந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் லைன் லிஸ்ட். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, ஆணா பெண்ணா, தெரு, அறிகுறி தொடங்கிய தேதி, என்ன தண்ணீர் குடிக்கிறார், எங்கே வேலை, பரிசோதனை முடிவு. எல்லாவற்றிலும் விலை மதிப்பானது அறிகுறி தொடங்கிய தேதி. ஆஸ்பத்திரிக்குப் போன தேதியை அதற்குப் பதிலாக எழுதிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் நோயே வராத மாதிரியும், திங்கட்கிழமை ஊரே படுத்த மாதிரியும் தெரியும்.

ஒரே ஆள் இரண்டு முறை வருவதைப் பிடிப்பது தனி வேலை. ரேஷன் கார்டில் தமிழ்ச்செல்வி, வீட்டில் செல்வி, ஆஸ்பத்திரிச் சீட்டில் கணவர் பெயரோடு டி. செல்வி. என் நோட்டில் மூன்று பேர், ஊரில் ஒருவர். பெயரை நம்பாமல் வயது, கதவு எண், கைபேசி எண் மூன்றையும் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: கீழ் எண்ணைத் தேடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்றால், 2011க்குப் பிறகு 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. பத்தாண்டுக்கும் மேலான பழைய எண்ணில் புறநகர் ஊர்கள் எல்லாம் தப்பாகத்தான் தெரியும். வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை. குழந்தைகளைத் தாக்கும் நோய்க்கு அது உதவாது. ரேஷன் கார்டில் திருப்பூருக்குக் குடிபோன மகனும் இருப்பான், வாடகைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளி இருக்க மாட்டார். என் அனுபவத்தில் நம்பகமானது கிராம சுகாதார செவிலியரின் பதிவேடும் அங்கன்வாடிப் பதிவேடும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொம்ப வித்தியாசம் வந்தால் ஒரு தெருவை நீங்களே எண்ணிவிடுங்கள். அரை நாள் வேலை.

கீழ் எண்ணில் யார் இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். அந்த நோய் வர வாய்ப்பே இல்லாதவர்களை அங்கே வைக்கக் கூடாது. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட பெண்ணுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வராது. தட்டம்மை வந்து போனவருக்கு மறுபடி வருவது அபூர்வம். இவர்களையும் சேர்த்து வகுத்தால் நோய் குறைவாக இருப்பது போல ஒரு பொய்யான நிம்மதி கிடைக்கும்.

படி 3: இருப்பதை அளக்கிறீர்களா, வருவதை அளக்கிறீர்களா?

ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கரையில் நின்று பார்த்தால் தெரிகிற நீர் மட்டம் ஒன்று. வரத்துக் கால்வாயில் நாளொன்றுக்கு உள்ளே வரும் தண்ணீர் இன்னொன்று. முதலாவது நோய் இருப்பு, பிரிவலன்ஸ் என்பார்கள். இரண்டாவது புது நோயாளி வீதம், இன்சிடென்ஸ். மடை வழியாக வெளியேறுவது குணமானவர்களும் இறந்தவர்களும்.

மடையை அடைத்தால் வரத்து கூடாமலே மட்டம் ஏறும். எச்ஐவிக்குக் கூட்டு மருந்து வந்த பிறகு இதுதான் நடந்தது. மருந்தால் ஆட்கள் உயிரோடு இருந்தார்கள், ஆகவே ‘எச்ஐவி உள்ளவர்கள்’ எண்ணிக்கை குறைய மறுத்தது. இருப்பை மட்டும் பார்த்தவர் திட்டம் தோற்றது என்பார். உண்மையில் திட்டம் ஜெயித்ததற்கான அடையாளம் அது.

கணக்கு எளிது. நிலைமை பெரிதாக மாறாமல் இருந்தால், இருப்பு என்பது சுமாராகப் புது நோயாளி வீதத்தை நோய் நீடிக்கும் காலத்தால் பெருக்கியது. 1 லட்சம் பேரில் ஆண்டுக்கு 200 பேருக்குப் புதிதாக ஒரு நோய் வருகிறது, அரை ஆண்டில் தீர்ந்துவிடுகிறது என்று வையுங்கள்: எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் சுமார் 100 பேர் இருப்பார்கள். அதே 200 பேருக்கு வந்து 10 ஆண்டு நீடிக்கும் நோய் என்றால் 2,000 பேர். படுக்கை எத்தனை வேண்டும், மாத்திரை எவ்வளவு வாங்க வேண்டும் என்று கேட்டால் இருப்பைப் பாருங்கள். நோய் ஏன் வருகிறது, தடுப்பு வேலை செய்கிறதா என்று கேட்டால் புது நோயாளி வீதம்தான் பதில் சொல்லும்.

இருப்பை அளக்க ஆஸ்பத்திரிப் பதிவேட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் காசநோய் ஆய்வு நல்ல சான்று. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் வீடு வீடாக நடந்த அந்த ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1 லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் ஆய்வகத்தில் உறுதியானது. அதைவிட என்னை உறுத்திய எண் வேறு: அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரிடமும் போயிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எண்ணியிருந்தால் அவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

நீண்ட நாள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளில் இன்னொரு சிக்கல் வரும். எல்லாரும் கடைசி வரை இருக்க மாட்டார்கள். ஐந்து பேரைப் பின்தொடர்கிறீர்கள். ஒருவர் 2 ஆண்டு, அடுத்தவர் 5, பிறகு 1, 4, 3. ஆளைக் கூட்டாமல் ஆண்டைக் கூட்டுங்கள்: 15 ஆள்-ஆண்டுகள். அதில் இருவருக்கு நோய் வந்தால், 100 ஆள்-ஆண்டுக்கு 13.3. கட்டட வேலையில் ‘எத்தனை ஆள் நாள் ஆச்சு’ என்று கொத்தனார் கணக்குப் போடுகிறாரே, அதே முறைதான்.

படி 4: ஒப்பிடுங்கள்

இங்கே ஒரு விருந்துக்குப் போய் வருவோம். நியூயார்க் மாநிலம், ஆஸ்விகோ மாவட்டம், லைகோமிங் என்ற சின்ன கிராமம். 1940 ஏப்ரல் 18 மாலை, தேவாலயத்தின் அடித்தளத்தில் சாப்பாடு. இரவுக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். மறுநாள் விஷயம் மேலே போனது, விசாரிக்க ஆள் வந்தார். வந்திருந்த 80 பேரில் 75 பேரைப் பிடித்து, என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். 46 பேருக்கு நோய். 46ஐ 75ஆல் வகுத்தால் 61 விழுக்காடு. திடீரென்று வரும் நோயில் இதைத் தாக்கு வீதம் என்கிறோம். உலகமெங்கும் இந்தத் துறை மாணவர்கள் கணக்குப் போட்டுப் பழகுவது இந்த விருந்தில்தான்.

ஒரு சில உணவுகள் மட்டும்:

| உணவு | சாப்பிட்டவர்கள் | சாப்பிடாதவர்கள் |
|---|---|---|
| ஹாம் (பதப்படுத்திய பன்றிக்கறி) | 46இல் 29 (63%) | 29இல் 17 (59%) |
| கீரை | 43இல் 26 (60%) | 32இல் 20 (63%) |
| கேக் | 40இல் 27 (68%) | 35இல் 19 (54%) |
| வெனிலா ஐஸ்கிரீம் | 54இல் 43 (80%) | 21இல் 3 (14%) |
| சாக்லேட் ஐஸ்கிரீம் | 47இல் 25 (53%) | 27இல் 20 (74%) |

கையால் ஒரு முறை நீங்களே வகுத்துப் பாருங்கள். படித்தால் மட்டும் மனதில் நிற்காது.

நம் ஊராக இருந்தால் முதலில் சந்தேகம் கறி மேல்தான் போகும். ஹாம் சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய் என்று மட்டும் கேள்விப்பட்டால் சமையல்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள். ஆனால் வலது பக்கத்தைப் பாருங்கள்: ஹாமைத் தொடாதவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு நோய். அப்படியானால் ஹாம் குற்றவாளி இல்லை. சாப்பிடாதவர்களின் நிரலை நிரப்பாமல் யார் மேலும் பழி போட முடியாது. கல்யாண மண்டபத்தில் ஏதாவது ஆனால் நாம் படுத்தவர்களை மட்டும் தேடிப் போய்க் கேட்கிறோம். படுக்காதவர்களிடம் போய், ‘நீங்க என்னென்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வெனிலாவில் கதை வேறு. 79.6ஐ 14.3ஆல் வகுத்தால் 5.6. வெனிலா சாப்பிட்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவரைப் போல 5.6 மடங்கு. இது ஒப்பு அபாயம், ரிலேட்டிவ் ரிஸ்க். வகுக்காமல் கழித்தால் 65: வெனிலா சாப்பிட்ட 100 பேரில் சுமார் 65 பேரின் நோய்க்கு அந்த ஐஸ்கிரீம் பொறுப்பு. காரணம் இருக்கிறதா என்று பார்க்க மடங்கு உதவும்; தடுத்தால் எத்தனை பேர் தப்புவார்கள் என்று சொல்ல வித்தியாசம் உதவும். மடங்கை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது செய்தித்தாள்களின் பழக்கம். ‘ஆபத்து இரட்டிப்பு’ என்றால் 10 லட்சத்தில் ஒருவர் இருவராக ஆனதும் இரட்டிப்புதான், நூற்றில் 20 பேர் 40 ஆனதும் இரட்டிப்புதான்.

சாக்லேட் வரி புதிர் மாதிரி இருக்கிறது. சாப்பிட்டவர்களுக்குக் குறைவு, சாப்பிடாதவர்களுக்கு அதிகம். சாக்லேட் மருந்தா? பொறுங்கள். சாக்லேட் எடுக்காமல் நோயுற்றவர்கள் 20 பேர். வெனிலா சாப்பிடாமல் நோயுற்றவர்கள் மொத்தமே 3 பேர். ஆக அந்த 20இல் குறைந்தது 17 பேர் வெனிலா சாப்பிட்டவர்கள். அவர்கள் படுத்தது சாக்லேட்டைத் தவிர்த்ததால் அல்ல. சாக்லேட்டுக்குப் பதிலாகத் தட்டில் விழுந்த வெனிலாவால் படுத்தார்கள். இப்படி ஒரு காரணம் இன்னொன்றின் முதுகில் ஏறிக்கொண்டு வருவதைத்தான் குழப்பும் காரணி என்கிறோம். அதைக் கண்டுபிடிக்க வழி, கூட்டத்தைப் பிரிப்பது: வெனிலா சாப்பிட்டவர்களுக்குள் மட்டும் சாக்லேட் கணக்கு, சாப்பிடாதவர்களுக்குள் மட்டும் தனிக் கணக்கு. இன்னொன்று: 47ஐயும் 27ஐயும் கூட்டினால் 74தான். ஒருவரின் பதில் இல்லை. கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று எப்போதும் பாருங்கள்.

வெனிலாவைத் தொடாமலே படுத்த அந்த 3 பேர்? மறந்திருக்கலாம், அதே கரண்டியால் வேறு ஏதாவது பரிமாறியிருக்கலாம், வேறு காரணத்தால் வயிறு கெட்டிருக்கலாம். நிஜ வாழ்க்கைக் கணக்கில் 0 வருவது அபூர்வம். எல்லாம் பொருந்தி வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பெரும்பாலோருக்குச் சாப்பிட்ட 3 முதல் 7 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியது. அவ்வளவு வேகம் என்றால் கிருமி வயிற்றில் போய்ப் பெருகவில்லை, உணவிலேயே நஞ்சை உண்டாக்கிவிட்டது என்று பொருள். ஐஸ்கிரீமைச் சோதித்தபோது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஏராளமாகக் கிடைத்தது.

கீழ் எண்ணே கிடைக்காதபோது

விருந்தில் யார் யார் வந்தார்கள் என்று தெரியும். கோயில் திருவிழாவில்? யாருக்கும் தெரியாது. அப்போது நோயாளிகள் கொஞ்சம் பேர், அதே ஊர் அதே வயதில் நோயில்லாதவர்கள் கொஞ்சம் பேர் என்று எடுத்து, இரு தரப்பிலும் யார் அந்த நீர்மோரைக் குடித்தார்கள் என்று கேட்க வேண்டும். இதில் வீதம் போட முடியாது. ஆட்ஸ் ரேஷியோதான் போட முடியும்: சாப்பிட்டவர், சாப்பிடாதவர், அவர்களில் நோயுற்றவர், தப்பியவர் என்று வரும் நான்கு கட்டங்களைக் குறுக்காகப் பெருக்கி வகுப்பது.

அதன் ஆபத்தை ஆஸ்விகோ எண்களிலேயே பார்க்கலாம். சாப்பிட்டு நோயுற்றவர் 43, சாப்பிட்டும் தப்பியவர் 11, சாப்பிடாமல் நோயுற்றவர் 3, சாப்பிடாமல் தப்பியவர் 18. 43ஐ 18ஆல் பெருக்கினால் 774. 11ஐ 3ஆல் பெருக்கினால் 33. வகுத்தால் 23.5. அதே விருந்து, அதே ஐஸ்கிரீம். ஒப்பு அபாயம் 5.6 சொன்ன இடத்தில் இது 23.5 சொல்கிறது. நோய் அபூர்வமாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். இங்கே மாதிரி பாதிப் பேருக்கு மேல் படுத்துவிட்டால் ஆட்ஸ் ரேஷியோ ஊதிக் காட்டும். ‘23 மடங்கு ஆபத்து’ என்று யாராவது எழுதினால் எந்த மடங்கு என்று கேளுங்கள்.

படி 5: ஒப்பிடுவது நியாயமா என்று பாருங்கள்

பிறப்பு இறப்பு வீதங்களைக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி கேரளத்தில் 1,000 பேருக்கு 7.0 இறப்பு, பிகாரில் 5.4. அப்படியானால் ஆரோக்கியத்துக்காகப் பாட்னாவுக்குக் குடிபோகலாமா? அதே அறிக்கையில் 1,000 பிறப்புக்குச் சிசு இறப்பு கேரளத்தில் 6, பிகாரில் 27. புதிரின் விடை வயது. கேரளத்தில் முதியவர்கள் அதிகம். முதியவர்கள் அதிகம் இறப்பார்கள்.

சரிசெய்யும் முறையைச் சின்ன எண்களில் போடுகிறேன். ‘அ’ ஊரில் 60 வயதுக்குக் கீழ் 8,000 பேர், மேலே 2,000 பேர். இறப்பு வீதம் ஆயிரத்துக்கு முறையே 2, 40. இறந்தவர்கள் 16ம் 80ம், மொத்தம் 96; அதாவது ஆயிரத்துக்கு 9.6. ‘ஆ’ ஊரில் 9,000 பேர், 1,000 பேர். வீதம் 3, 50. இறந்தவர்கள் 27ம் 50ம், மொத்தம் 77, ஆயிரத்துக்கு 7.7. இரண்டு வயதுப் பிரிவிலும் ‘ஆ’ ஊர்தான் மோசம், ஆனால் மொத்தத்தில் நல்லது போலத் தெரிகிறது. இப்போது ‘அ’ ஊரின் வீதங்களை ‘ஆ’ ஊரின் ஆட்கள் மேல் போடுங்கள்: 9,000க்கு 18, 1,000க்கு 40, மொத்தம் 58. 5.8க்கு எதிராக 7.7. ஒரே வயதுக் கட்டமைப்பில் வைத்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது. வயதுச் சீராக்கம் என்பது இவ்வளவுதான்.

சில சமயம் ஊரே நமக்காகச் சீராக்கி வைத்திருக்கும். 1854 லண்டன் காலராவில் மருத்துவர் ஜான் ஸ்னோவுக்குக் கிடைத்தது அப்படி ஒரு வாய்ப்பு. காலரா பரப்பிய ஒரு தெருப் பம்பின் கைப்பிடியை அவர் கழற்ற வைத்த கதைதான் பலருக்கும் தெரியும். எனக்கு அவருடைய இன்னொரு வேலைதான் பெரிது. தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருக்களில் ஓடின. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே மாதிரி ஆட்கள், தண்ணீர் மட்டும் வேறு. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீர் எடுக்கும் இடத்தை சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலே மாற்றியிருந்தது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் மாற்றவில்லை. ஸ்னோ இறந்தவர்களின் வீடு வீடாகப் போய் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று விசாரித்தார். முதல் ஏழு வாரத்தில் சவுத்வார்க் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 இறப்பு. லாம்பெத்தின் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315, 37. எட்டு மடங்குக்கு மேல். கீழ் எண் ஆட்கள் இல்லை, வீடுகள். கிடைத்த கீழ் எண்ணை வைத்துக்கொண்டார். காலராக் கிருமியை எல்லாரும் ஒப்புக்கொள்வதற்கு 30 ஆண்டு முன்னால் இது.

படி 6: பரவுவதை அளப்பது

முதலில் படம் வரையுங்கள். கிடையாகத் தேதி, நெடுக்காகப் புது நோயாளிகள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கட்டம். கட்டக் காகிதம் இருந்தால் போதும். ஒரு கட்டம் எத்தனை நாள் என்பதை நோயின் அடைகாலத்தை, அதாவது கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரியும் வரையான காலத்தை, பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ சரியாக இருக்கும். காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் ஏ என்றால் அடைகாலம் 15 முதல் 50 நாள், சராசரி 28. வாரத்துக்கு ஒரு கட்டம் போடலாம். விருந்து என்றால் மணிக்கு ஒன்று. ஒரே மேடாக ஏறி இறங்கினால் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாங்கியிருக்கிறார்கள். உச்சியிலிருந்து சராசரி அடைகாலத்தைப் பின்னோக்கி எண்ணினால் எந்த நாள் என்று கிடைக்கும். அலை அலையாக, ஒவ்வொன்றும் முந்தையதை விடப் பெரிதாக வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது.

வீட்டுக்குள் பரவுவதை அளக்க இரண்டாம்நிலைத் தாக்கு வீதம். 6 பேர் உள்ள வீட்டில் ஒருவர் நோயைக் கொண்டுவருகிறார், பிறகு இருவருக்கு வருகிறது. கொண்டுவந்தவரை மேலேயும் சேர்க்கக் கூடாது, கீழேயும் சேர்க்கக் கூடாது. 5இல் 2. ஐவரில் ஒருவருக்கு ஏற்கெனவே வந்துபோயிருந்தால் 4இல் 2.

அப்புறம் எல்லாரும் கேட்கிற ஆர் எண். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது அடிப்படை ஆர். தட்டம்மைக்கு 12 முதல் 18 என்று வழக்கமாகச் சொல்வார்கள். 1ஐ அதனால் வகுத்து 1லிருந்து கழித்தால் எத்தனை பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் பரவல் நிற்கும் என்று வரும்: 92 முதல் 94 விழுக்காடு. தட்டம்மைத் தடுப்பூசியில் 95 என்று பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். பத்துப் பதினைந்து வீடுகள் விட்டுப்போனாலே அது நுழைந்துவிடும்.

ஆர் எண் எவ்வளவு வேகம் என்று சொல்லாது. எத்தனை பேர் என்றுதான் சொல்லும். இரண்டு நோய்க்கும் ஆர் 2 என்றாலும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக 3 நாள் ஆகும் நோய் ஒரு மாதத்தில் பத்துத் தலைமுறை போய்விடும். ஒன்று ஆயிரத்துக்கு மேல் ஆகிவிடும். 3 மாதம் ஆகும் நோய் அந்த மாதம் முழுக்க முதல் ஆளிடமே இருக்கும்.

சராசரியும் ஏமாற்றும். 2020இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கொரோனா தொடர்பறிதலில் சேர்ந்த தரவை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது: உறுதியான 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். சுமார் 70 விழுக்காட்டு நோயாளிகளின் தொடர்புகளில் ஒருவருக்கும் நோய் உறுதியாகவில்லை. சொற்பப் பேரிடமிருந்து பலருக்குப் போயிருந்தது. அந்த லட்சக்கணக்கான வரிகளை எழுதியவர்கள் நம் சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும்தான். வெயிலில் நின்று எழுதிய லைன் லிஸ்ட் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

படி 7: இறப்பு

நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒன்று. தொற்றியவர்கள் எல்லாரிலும் எத்தனை பேர் என்பது வேறு. 2020 ஜூலையில் சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 21.5 விழுக்காட்டினருக்குக் கொரோனா வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருந்தது. நகரத்தில் சுமார் 80 லட்சம் பேர் என்றால் தொற்று வந்துபோனவர்கள் 17 லட்சம். அந்தச் சமயத்தில் பதிவான கேஸ்கள் 1 லட்சத்தை ஒட்டி. ஒரே இறப்பு எண்ணை 1 லட்சத்தால் வகுப்பதற்கும் 17 லட்சத்தால் வகுப்பதற்கும் 17 மடங்கு வித்தியாசம். இரண்டு பேர் டிவியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொண்டார்கள். இருவரும் சரியாகத்தான் வகுத்திருந்தார்கள்.

நோய் ஏறிக்கொண்டிருக்கும்போது இறப்பு விகிதம் குறைவாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்று இறப்பவர் இரண்டு மூன்று வாரம் முன்னால் படுத்தவர். கீழ் எண்ணிலோ நேற்றுப் படுத்தவர்களும் நிற்கிறார்கள்.

படி 8: எப்போது நிறுத்துவது

கடைசி நோயாளிக்குப் பிறகு, அதிகபட்ச அடைகாலத்தின் இரண்டு மடங்கு நாள் புதிதாக யாரும் வராவிட்டால் முடிந்தது என்று அறிவிக்கலாம். எபோலாவுக்கு 21ன் இரண்டு மடங்கு, 42 நாள். அந்த நாட்களிலும் தினமும் அறிக்கை போக வேண்டும். 0க்கும் கீழ் எண் உண்டு. தற்செயலாகப் பார்த்த 30 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால், உண்மையில் ஊரில் 10 விழுக்காடு வரை இருந்தாலும் இருக்கலாம். 300 பேரில் ஒருவரும் இல்லை என்றால் 1 விழுக்காடு வரை. 3ஐ, பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல்வரம்பு கிடைக்கும்.

அந்தக் காமாலை ஊரில் ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் சந்தோஷமாக ‘இன்று 0’ என்று மட்டும் மேடத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “எத்தனை பேர்ல?” அன்று மழை, இரண்டு தெருவில் 9 வீடுதான் பார்த்திருந்தேன். குடையை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன்.